கேமராவில் நன்றாக இருந்த படம் கம்ப்யூட்டரில் ஏன் கெடுகிறது?

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் வீடுகளில் உபநயனம், கல்யாணம், சஷ்டியப்தபூர்த்தி என்று எந்த விசேஷமானாலும் நூற்றுக்கணக்கில் படம் எடுக்கிறோம். கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்தால் சில படங்களில் மேல் பாதிதான் தெரிகிறது. கீழே வெறும் சாம்பல் நிறம். சிலவற்றில் மாமிகளின் பட்டுப்புடவை இடுப்புக்குக் கீழே வேறு நிறமாகி, படமே பக்கவாட்டில் நகர்ந்து நிற்கிறது. சில, திறக்கவே மறுக்கின்றன. இதைப் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் ஃபோட்டோகிராஃபர் அல்ல. கம்ப்யூட்டர்களோடு உத்தியோகம் பார்த்து ரிடையரானவன், அவ்வளவுதான்.

பாதியில் எழுந்து போக வேண்டியவர்களுக்காக முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்ட படத்தைக் கண்டவுடன் அந்தக் கார்டில் கை வைக்காதீர்கள். புதிதாக ஒரு படம்கூட எடுக்கக் கூடாது, எதையும் அழிக்கக் கூடாது. 'ஃபார்மட் செய்யட்டுமா?', 'சரிபார்த்துத் திருத்தட்டுமா?' என்று கம்ப்யூட்டர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பெரிய எஸ்டி கார்டாக இருந்தால் இடது ஓரத்தில் ஒரு குட்டிப் பூட்டு இருக்கும். அதைக் கீழே தள்ளி, கார்டை எடுத்துத் தனியாக வையுங்கள். மற்றதெல்லாம் நிதானமாகச் செய்யலாம்.

படம் ஏன் பாதியிலிருந்து கெடுகிறது? ஜேபெக் முறையில் படத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்துச் சுருக்குகிறார்கள். ஒவ்வொரு கட்டத்தின் நிறமும் முந்தைய கட்டத்திலிருந்து எவ்வளவு மாறியது என்றுதான் எழுதப்படுகிறது. பாங்கில் வேலை பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும்: பேரேட்டில் ஓரிடத்தில் கூட்டல் தப்பினால் அதற்குப் பின் கொண்டுபோன பாக்கி எல்லாமே தப்பு. அப்படித்தான் ஓரிடத்தில் பிசகினால் கீழே உள்ள அத்தனையும் நிறம் மாறுகிறது. மேலே இருப்பது பிழைத்துக்கொள்கிறது.

இன்னொரு குழப்பம்: "சின்னதாப் பார்த்தா நன்னா இருக்கு, பெரிசு பண்ணினா போயிடறது" என்பார்கள். ஃபைலின் தலைப்பகுதியில் ஒரு சின்னப் படத்தைக் கேமரா தனியாக வைக்கிறது. அது தப்பித்திருக்கும், பெரிய படம் கெட்டிருக்கும். பல கேமராக்கள் தங்கள் திரையில் காட்டுவதும் இப்படி ஒரு சிறு பிரதியைத்தான். ஆகவே கேமராவில் தெரிகிறது என்று நிம்மதி அடைய வேண்டாம். பெரிதாக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கெட்டது கார்டில் உள்ள மூலமா, அல்லது கம்ப்யூட்டருக்கு வந்த பிரதி மட்டுமா? இதைக் கண்டுபிடிக்காமல் மென்பொருளைத் தேடி ஓடுவதில் பிரயோஜனம் இல்லை. கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. பூட்டைத் தள்ளிய கார்டிலிருந்து அதே படங்களைப் புதிய ஃபோல்டர் ஒன்றில் மறுபடி காப்பி செய்யுங்கள். பிறகு இன்னொன்றில் இன்னொரு தடவை. மூன்று தடவையும் அதே படம் அதே இடத்தில் கெட்டிருந்தால் பெரும்பாலும் கோளாறு கார்டில். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு படம் கெட்டிருந்தால் கோளாறு வழியில்: கார்டு ரீடர், கேபிள், கம்ப்யூட்டரின் மெமரி, இவற்றில் ஒன்று.

நம் கிளை அன்பர் ஒருவர் பேரனின் ஆயுஷ்ஹோமப் படங்களோடு வந்தார். முந்நூறுக்கு மேற்பட்ட படங்களில் 41 கெட்டிருந்தன. அவற்றில் ஒன்றில் அவருடைய தாயார், 91 வயதுப் பாட்டி, கொள்ளுப்பேரனை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதமே பாட்டி காலமாகிவிட்டார். இருவரும் சேர்ந்த படம் வேறு கிடையாது. "இந்த ஒண்ணு போதும், மத்ததெல்லாம் போனாலும் போகட்டும்" என்றார். நல்லவேளை, மாட்டுப்பெண் சொன்னதைக் கேட்டுக் கார்டை அழிக்காமல் வைத்திருந்தார். இரண்டாம் தடவை காப்பி செய்தபோது 37 படங்கள் கெட்டிருந்தன, ஆனால் வேறு படங்கள். எனக்கு அப்போதே பாதி பாரம் இறங்கியது. அவர் பயன்படுத்தியது, நீளமான இணைப்புக் கேபிளில் தொங்கிய ஒரு பழைய ரீடர். வேறு ரீடரைக் கம்ப்யூட்டரின் பின்பக்கத்தில் நேராகச் செருகினேன். ஒரு படம்கூடக் கெடவில்லை. ரீடரை மாற்றியும் சரியாகவில்லை என்றால் வேறு கம்ப்யூட்டரில் போட்டுப் பாருங்கள். அங்கே சரியாக வந்தால் உங்கள் கம்ப்யூட்டரின் மெமரியைச் சந்தேகிக்க வேண்டும். மெம்டெஸ்ட்86 என்ற சோதனையை ராத்திரி முழுக்க ஓடவிட்டால் தெரிந்துவிடும்.

இன்னொரு அன்பரின் கதை இப்படி முடியவில்லை. 64 ஜிபி என்று அச்சிட்ட கார்டை மலிவாக வாங்கியிருந்தார். உள்ளே இருந்தது 8 ஜிபிதான். போலிக் கார்டுகள் கம்ப்யூட்டரிடமும் கேமராவிடமும் பொய் சொல்லும். நிஜ அளவு நிறைந்த பிறகும் வாங்கிக்கொள்வதுபோல் நடிக்கும். காசி யாத்திரைப் படங்கள் அத்தனையும் பழுதில்லாமல் இருந்தன. அதற்குப் பிறகு எடுத்த பேரனின் பிரம்மோபதேசம் ஒன்றுகூட இல்லை. பதியாததை யாராலும் மீட்க முடியாது. புதிய கார்டு வாங்கினால், படம் எடுப்பதற்கு முன் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் படித்துப் பாருங்கள். சில மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

மூலமே கெட்டிருந்தாலும், தவறுதலாக அழித்திருந்தாலும், ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஃபைல் பட்டியலை நம்பாமல், கார்டு முழுவதும் துழாவிப் படம் தொடங்கும் அடையாளங்களைத் தேடி எடுக்கும். மீட்டதை அதே கார்டில் எழுதாமல் ஹார்ட் டிஸ்கில் எழுத வேண்டும். பழைய பெயர்கள் போய்விடும், பொறுக்கிச் சேர்ப்பது நம் பொறுப்பு.

கெடாததையும் கெட்டதாக நினைத்துப் பதறுகிறோம். ஐபோன்கள் 2017 முதல் ஹெய்க் என்ற வகையில் படம் எடுக்கின்றன. பழைய கம்ப்யூட்டரில் அது திறக்காது, படத்தில் குறையில்லை. 64 ஜிபி கார்டுகள் எக்ஸ்ஃபேட் என்ற அமைப்பில் வருகின்றன. அதற்கான சேர்க்கை போடாத விண்டோஸ் எக்ஸ்பியில் செருகினால் ஃபார்மட் செய்யச் சொல்லும். எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2014-லேயே நிறுத்திவிட்டது. இருந்தும் நம்மில் சிலர் அதைக் கைவிட மனமில்லாமல் வைத்திருக்கிறோம் என்பது எனக்குத் தெரியும்!

ஏற்றும்போது 'கட்' வேண்டாம், 'காப்பி' மட்டும். ஏற்றியதும் மூலத்தை அழிக்கும் வசதி சில மென்பொருள்களில் இருக்கும். அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். டெராகாப்பி போன்றவை மூலத்தையும் பிரதியையும் ஒப்பிட்டுச் சொல்லும். இரண்டு இடங்களில் பிரதி இருந்து, பத்துப் பதினைந்து படங்களைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யலாம். கார்டையே நகைப் பெட்டியில் வைத்துப் பாதுகாப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் படம் மின்னூட்டமாகத்தான் நிற்கிறது, வருஷக்கணக்கில் போட்டுவைத்தால் கசியக்கூடும். பத்திரமான இடம் என்று எண்ண வேண்டாம்.

ரீடர் ஒன்றும் கேபிள் இரண்டும் இன்று கொண்டுவந்திருக்கிறேன். சந்தேகமுள்ள கார்டு வைத்திருப்பவர்கள் பூட்டைத் தள்ளிவிட்டு வாருங்கள், காபிக்குப் பிறகு பார்த்துவிடலாம்.