காடு காணலும் பெயர் கேட்டலும்



இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் காடு. மொழியியலார்க்குக் காட்டில் என்ன வேலை என்று சிலர் வியக்கலாம். பள்ளிகளில் கல்விச் சுற்றுலா நடைபெறுகிறது. மாணவர் பேருந்தேறிச் சென்று, நிழற்படம் எடுத்து, மீண்டு வந்து கட்டுரை எழுதுகின்றனர். அக்கட்டுரைகளில் ‘பச்சைப் பசேலென்ற மரங்கள்’ உண்டு. ‘கண்கொள்ளாக் காட்சி’ உண்டு. ஒரு மரத்தின் பெயரேனும் இருத்தல் அரிது. பெயர் தெரியாத மரங்கள் யாவும் கண்ணுக்கு ஒரே மரமாகவே தோன்றும். ஆதலால் காட்டைக் காண்பதற்கு முதற்கருவி சொல் என்பதே இவ்வுரையின் கருத்து.

கோலாலம்பூரின் நெரிசலுக்கு நடுவே புக்கிட் நானாஸ் காடு உள்ளது. 1906-ஆம் ஆண்டிலேயே காப்புக்காடாக அறிவிக்கப்பட்ட அது, இன்று ஏறத்தாழ 9 ஹெக்டேர் பரப்பில், 421 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் அடியில், வானளாவிய கட்டடங்கள் சூழ நிற்கிறது. அதன் பெயர்ப்பலகையிலேயே பாடம் தொடங்கிவிடுகிறது. மலாய் மொழியில் புக்கிட் என்பது குன்று. நானாஸ் என்பது அன்னாசி. தமிழின் அன்னாசியும் மலாயின் நானாசும் ஒரே வேரினின்று வந்தவை. தென்னமெரிக்கப் பழங்குடியினரின் மொழியில் பிறந்த அச்சொல், போர்த்துக்கீசியர் வாயிலாகக் கடல் கடந்து கீழ்த்திசை மொழிகளுக்கு வந்தது. காட்டுக்குள் அடியெடுத்து வைக்குமுன்னரே மாணவர் ஒரு சொல்லின் பயணத்தை அறிந்துகொள்ள இயலும்.

நகரக் காட்டில் தொடங்கிய இப்பாடத்தை விரிவாகப் படிப்பதற்கு ஏற்ற இடம் பகாங் மாநிலத்துக் கேமரன் மலை. 1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மேட்டுநிலத்தைக் கண்டு குறித்தமையால் இப்பெயர் பெற்றது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காடழித்து, நிரை பிடித்து, செடி நட்டு, கொழுந்து கிள்ளிய கைகளில் மிகப்பல தமிழர் கைகள். இன்று விடுமுறை நாள்களில் தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் ஊர்திகள் நகர்வது அரிது. எனினும் பிரிஞ்சாங் மலைமுடிக்கு ஏறும் பாதையில் சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளைக் கடந்தால், ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் பாசிக்காடு வந்துவிடுகிறது. உழைப்பு உருவாக்கிய நிலத்தையும் இயற்கை உருவாக்கிய நிலத்தையும் ஒரே நாளில் அடுத்தடுத்துக் காணலாம்.

பாசிக்காட்டில் மரங்கள் குட்டையானவை, கிளைகள் முறுகியவை. மேகம் நாள்தோறும் காட்டுக்குள் புகுவதால் அடிமரம் முதல் நுனிக்கிளைவரை பாசி போர்த்தியிருக்கிறது. மாணவர் இதனை ‘மூடுபனி’ என்ற ஒரு சொல்லால் கூறிவிடுவர். மலைமேல் தவழும் மேகத்திற்கு மஞ்சு என்னும் சொல் தமிழில் உண்டு. சாரல் என்னும் சொல் மலைச்சரிவையும் குறிக்கும். மலையோரம் வீசும் மென்தூறலையும் குறிக்கும். அகராதியில் இவ்விரு பொருளும் தனித்தனி எண்ணிட்டு நிற்பதைக் கண்டு மாணவர் மயங்குவர். பிரிஞ்சாங் சரிவில் பத்து நிமிடம் நின்றால் அம்மயக்கம் தீரும். அங்கே சரிவையும் தூறலையும் பிரித்தறிவது கடினம்.

இத்தகைய உயர்மலைக் காட்டைத் தென்னிந்தியாவில் ஆய்ந்த அறிவியலார், நீலகிரியிலும் ஆனைமலையிலும் மக்கள் வழங்கிய சோலை என்னும் சொல்லையே எடுத்து ‘ஷோலா’ எனத் தம் நூல்களில் வழங்கினர். நம் பாடநூல்களில் சோலை என்பது பூஞ்சோலையாகச் சுருங்கிவிட்டது. உலகத் தாவரவியலிலோ அது ஒரு காட்டுவகையின் பெயராக வாழ்கிறது.

பாசிக்காட்டில் பூச்சியுண்ணும் செடி ஒன்று உண்டு. இலைநுனி குடுவையாகித் தொங்கும். மேலே மூடி போன்ற மடல் இருக்கும். தமிழில் இதனைக் கெண்டிச் செடி என்பர். கெண்டி மூக்குள்ள நீர்க்கலம். மலாய் மொழியிலும் அக்கலத்திற்குக் கெண்டி என்றே பெயர். ஆனால் இச்செடியை மலாய்க்காரர் ‘பெரியோக் கெரா’, அதாவது குரங்கின் பானை என்பர். ஒரே செடியில் தமிழ் கலத்தின் வடிவைக் கண்டது. மலாய் அதனைக் குரங்கின் கையில் கொடுத்தது. இவ்விரு பெயர்களையும் அருகருகே வைத்துப் பேசினால் மாணவர் இரு மொழிகளையும் மதிக்கக் கற்பர்.

இக்காட்டுக்கு நமக்கு முன்னரே பெயரிட்டவர்கள் செமாய் பழங்குடியினர். அவர்தம் மொழி ஆஸ்திரோ-ஆசியக் குடும்பத்தைச் சார்ந்தது. கம்போடியாவின் கெமர் மொழிக்கும் இந்தியாவின் சந்தாலி மொழிக்கும் தொலைவுறவு. காட்டின் பெயர்களைப் பற்றிப் பேசுவோர் அவர்களைக் கேளாமல் பேசுதல் முறையன்று.

இனித் தேயிலைச் சரிவுக்கு இறங்குவோம். தே என்பதே சீனத்தின் மின் மொழிச் சொல். மலாயில் தே, தமிழில் தேயிலை, தேநீர். கொழுந்து பழந்தமிழ்ச் சொல். தொழிலாளருக்கு ஒதுக்கப்படும் வரிசையைத் தோட்டத்து மக்கள் நெரை என்பர். யாப்பிலக்கணத்தில் நேரசை, நிரையசை என மனப்பாடம் செய்யும் மாணவர்க்கு நிரை என்றால் வரிசை என்பது பல வேளைகளில் தெரிவதில்லை. தோட்டத்துப் பாட்டி அதனை நாள்தோறும் சொன்னார். இலை ‘எலை’ ஆனதுபோல நிரை ‘நெரை’ ஆயிற்று. இது கொச்சையன்று, பேச்சுத்தமிழின் ஒழுங்கான ஒலிமாற்றம்.

வேறு இரு சொற்களையும் நோக்குவோம். விடியற்காலையில் தொழிலாளரை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவது பெரட்டு. இது படை அணிவகுப்பைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. தேயிலைத் தொழிலில் செடியை வெட்டிச் சீராக்குவது கவாத்து. அச்சொல்லுக்குப் படைப்பயிற்சி என்னும் பொருளும் தமிழில் உண்டு. ஆளை நிறுத்துவதற்கும் செடியை நிறுத்துவதற்கும் படைமுகாமின் சொற்களே வந்தமைந்தன. மேற்பார்த்தவரின் பெயரோ கண்காணித்தல் என்னும் வினையிற் பிறந்த கங்காணி. தோட்ட வாழ்வு எத்தகையது என்பதற்கு வரலாற்று நூல் பல பக்கங்களில் கூறுவதை இம்மூன்று சொற்களும் கூறிவிடுகின்றன.

இச்சொற்கள் இன்று மறைந்துவருகின்றன. கை கிள்ளிய கொழுந்தைக் கத்தரியும் பொறியும் வெட்டுகின்றன. நிரைகளில் இன்று அயல்நாட்டுத் தொழிலாளர் பலர் நிற்கின்றனர். தோட்டத்துப் பிள்ளைகள் கற்று நகரங்களுக்குப் பெயர்ந்தனர்; அது வரவேற்கத்தக்க மாற்றமே. எவரும் பெரட்டுக் களத்துக்குத் திரும்ப வேண்டுவதில்லை. ஆனால் அக்களத்தில் நின்றோரின் மொழி, எழுதப்படாமலே அவர்களோடு போய்விடலாகாது. இலக்கியச் சொல்லைக் காக்க நூல்கள் உள்ளன. உழைப்பாளர் சொல்லைக் காக்க அவர்தம் நினைவன்றி வேறில்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

ஒன்று, காட்டுக்குச் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் ஐந்து பெயர்களோடு திரும்புக. தமிழ்ப்பெயர் இல்லையெனில் மலாய்ப்பெயரைத் தமிழெழுத்தில் குறித்து, அதன் பொருளையும் எழுதுக. புதுப்பெயர் புனைய விரைய வேண்டா. முதலில் வழங்கும் பெயரைக் கேட்டறிக.

இரண்டு, தொல்காப்பியம் காட்டை முல்லை என்றும் மலையைக் குறிஞ்சி என்றும் வகுத்து, நிலத்திற்குரிய மரம், புள், விலங்கு, தொழில் ஆகியவற்றைக் கருப்பொருள் என்றது. அப்பட்டியலைக் கேமரன் மலைக்கு மாணவரே நிரப்புக. அங்கு இல்லாத நீலக்குறிஞ்சியையும் மயிலையும் எழுதாமல், அங்குள்ள கெண்டிச் செடியையும் பாசியையும் செமாய் மக்களையும் தேயிலைத் தொழிலையும் எழுதுக. திணைக்கோட்பாடு மனப்பாடப் பகுதியன்று, நிலத்தை நோக்கும் முறை என்பது அப்போது விளங்கும்.

மூன்று, திரும்பும் வழியில் தோட்டத்து முதியவர் ஒருவரிடம் அமர்ந்து, அவர் செய்த வேலையைச் சொல்லக் கேட்டு, அவர் சொன்ன சொல்லை அவர் ஒலித்தவாறே எழுதுக. நெரை என்றால் நெரை என்றே எழுதுக, திருத்த வேண்டா. சொல்லின் அருகே ஊரையும் ஆண்டையும் குறித்து வைத்தால், பத்துப் பள்ளிகளின் குறிப்பேடுகள் ஒரு வட்டாரச் சொல்லகராதிக்கு அடிப்படையாகும்.

இப்பணிக்குப் பெருநிதி வேண்டா. ஒரு குறிப்பேடும், கேட்கும் பொறுமையும் போதும். சொல்லித்தர வல்ல முதியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர் என்பதால், அடுத்த சுற்றுலாவிலேயே தொடங்குமாறு வேண்டி அமைகிறோம்.