கண்ணாடித் தொட்டியில் கடல் மீன்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

2003-ஆம் ஆண்டில் கோமாளி மீனை வைத்து ஒரு கார்ட்டூன் படம் வந்தது. அதைப் பார்க்கிற பிள்ளைகள், "அப்பா, அந்த மீனு வாங்கிக் குடுங்க" என்று இன்றும் நச்சரிக்கிறார்கள். வாங்கலாமா? கடைக்குப் போகுமுன் சில விஷயங்களைத் தெரிந்து கொள்ளுங்கள்.

முதலில் தண்ணீர். சமையல் உப்பு உதவாது. மீன் தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பை, லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும். குழாய்த் தண்ணீரின் குளோரினையும் போக்க வேண்டும். சரி, மீனை விட்டுவிடலாமா? கூடாது! மீன் கழிவிலிருந்து வரும் அமோனியா விஷம். அதை ஒருவகை நுண்ணுயிர் நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றிய பிறகுதான் ஆபத்து குறையும். இந்த நுண்ணுயிர்கள் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். பொறுக்காமல் முதல் நாளே மீனை விட்டால், வெயிலில் நின்று சம்பாதித்த காசு பிள்ளையின் கண்ணெதிரே செத்து மிதக்கும்.

இரண்டு கோமாளி மீனுக்கு 80 லிட்டர் தொட்டி போதும். தண்ணீர் மட்டுமே 80 கிலோவுக்கு மேல். கல்லும் மணலும் சேர்ந்தால் சாதாரண மேசை தாங்காது. நம் ஊர் வெக்கையும் ஒரு தொல்லை. மீனுக்கு 25 முதல் 27 டிகிரி இதமானது. தண்ணீர் மேல் சிறிய காற்றாடி வைத்தால் சூடு தணியும், தண்ணீரும் வற்றும். வற்றியதற்கு நல்ல தண்ணீரையே ஊற்றுங்கள், உப்புத் தண்ணீரை அல்ல. உப்பு ஆவியாகிப் போவதில்லை.

விலை மலிவென்று டாம்சல் மீனை வாங்காதீர்கள். சாதுவான மீன்களை விரட்டி விரட்டிக் கடிக்கும். பாங்காய் கார்டினல் நல்ல சாது. இந்தோனேசியாவின் பாங்காய்த் தீவுகள்தான் அதன் தாயகம். அங்கே ஆண் மீன், முட்டைகளை மூன்று வாரம் போல வாயிலேயே அடைகாக்கும், அதுவரை சாப்பிடாது. (அப்பாமார்களே, கேட்டுக் கொண்டீர்களா?) ஆனால் அளவில்லாமல் பிடித்ததால், அழியும் ஆபத்திலுள்ள இனமாக 2007-இல் அதைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். ஆகவே, "இது தொட்டியில் பொரித்த குஞ்சா, கடலில் பிடித்ததா?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். சில இடங்களில் பவளப்பாறையில் சயனைடைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கிறார்கள். பாறையும் சாகும்; மீனும் சில வாரங்களில் செத்துப் போகலாம்.

வசதியில்லையே என்று வருந்த வேண்டாம். லோங்காங்கில் பிடித்த கப்பி மீனுக்கும் அமோனியாக் கணக்கு இதேதான். உப்புச் செலவு மட்டும் இல்லை. ரெடாங், தியோமான் தீவுகளின் கடல் 1994-இல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பள்ளிச் சுற்றுலாவுக்கு அங்கே போனால் கோமாளி மீனை அதன் வீட்டிலேயே பார்க்கலாம். பிடிக்கத்தான் கூடாது, சட்டம் இருக்கிறது.