கிணற்றைக் கேட்டு விதை போடுவோம்
(யூபிலி ஆண்டை ஒட்டி நம் பங்கில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



யூபிலி ஆண்டில் விவசாயிகளுக்கென்று ஒரு மாலைப் பொழுதை ஒதுக்கி, கோடைக் காய்கறி பற்றி நான் பேச வேண்டும் என்று பங்குப் பேரவையினர் கேட்டபோது முதலில் தயங்கினேன். நான் கல்லூரியில் விவசாயம் படித்தவன் அல்லன். இரண்டு ஏக்கர் செம்மண்ணும் ஒரு கிணறும் உள்ளவன், அவ்வளவே. ஆயினும் பட்டு அறிந்ததைச் சொல்லலாம் என்ற துணிவில் உங்கள் முன் நிற்கிறேன்.

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். நம் தமிழ்நாட்டுக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவமழையில்தான் வருகிறது. 2016-ஆம் ஆண்டில் அந்த மழை பொய்த்தது. வழக்கமாகப் பெய்வதில் 62 சதவீதம் குறைந்து போயிற்று. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. அந்தத் தை மாதத்திலும் என் கிணற்றில் 15 அடித் தண்ணீர் நின்றது. "ஊரெல்லாம் வற்றினாலும் உன் கிணறு வற்றாதப்பா" என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லுவார்கள். எனக்கும் அதில் பெருமை. ஊரில் காய் இல்லாத நேரத்தில் நம்மிடம் காய் இருந்தால் நல்ல விலை கிடைக்குமே என்று கணக்குப் போட்டு, மாசியில் ஒன்றரை ஏக்கர் தக்காளி நட்டேன். செலவுக்கு மனைவியின் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போயிற்று.

பங்குனி வரை தோட்டம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக நின்றது. சித்திரை பிறந்ததும் நாலு மணி நேரம் ஓடிய மோட்டார் இரண்டு மணி, ஒரு மணி, அரை மணி என்று இறங்கிற்று. பூவில் பாதி உதிர்ந்தது. நின்ற பிஞ்சு நெல்லிக்காய் அளவில் இருந்தது. "அரை ஏக்கரை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்" என்று மனைவி சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. கைப்பட நட்ட செடியில் எதை விடுவது? எல்லாப் பாருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் காட்டினேன். எந்தப் பாரிலும் வேர் நனையவில்லை. வைகாசி பிறக்குமுன் ஒன்றரை ஏக்கரும் சருகாயிற்று. எல்லாவற்றையும் காப்பாற்ற நினைத்தவன் எதையும் காப்பாற்றவில்லை. சங்கிலியை மீட்க இரண்டு ஆண்டுகள் ஆயின.

அன்று நான் கற்ற பாடம் ஒன்றே. தை மாதக் கிணற்றைப் பார்த்துப் பயிர் வைக்கக் கூடாது. சித்திரை மாதக் கிணற்றை நினைத்துப் பயிர் வைக்க வேண்டும். இன்று நான் சொல்லப் போவதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தின் விளக்கமே.

தண்ணீர்க் கணக்கு

கிணற்றில் நிற்கும் தண்ணீர் வேறு, ஊறும் தண்ணீர் வேறு. நிற்கும் தண்ணீர் கார்த்திகை மழை தந்த சேமிப்பு. கோடையில் நம்மைக் காப்பது ஊற்று மட்டுமே. மோட்டாருக்கு மின்கட்டணம் இல்லை. அதனால் தண்ணீருக்கும் கணக்கு வேண்டாம் என்று பழகிவிட்டோம். இனி அந்தக் கணக்கைப் பழகுவோம். அது கடினம் அன்று.

200 லிட்டர் டிரம் ஒன்றை மோட்டார்க் குழாயின் வாயில் வையுங்கள். நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 40 வினாடி ஆனால் வினாடிக்கு 5 லிட்டர். மணிக்கு 18,000 லிட்டர். ஒரு சென்ட் நிலம் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். பார் பிடித்த நிலத்தில் ஒரு முறை வேர் நனைய 5 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால், சென்டுக்கு 2,000 லிட்டர் வேண்டும். ஆகவே ஒரு மணி நேரத் தண்ணீர் 9 சென்டுக்குப் போதும். மண் வாய்க்கால் அதில் கால் பங்கைக் குடித்துவிடும். மீதி 7 சென்ட்தான்.

சித்திரையில் உங்கள் மோட்டார் நாளுக்கு ஒரு மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். செம்மண்ணில் 5 நாளுக்கு ஒரு தண்ணீர் வேண்டும். 5 நாளுக்கு 7 சென்ட் வீதம் 35 சென்ட் பாயும். மாட்டுக்கும் வீட்டுக்கும் எடுக்க வேண்டும். கரண்டு இல்லாத நாளும் வரும். ஆகவே 30 சென்ட் என்று முடிவு கட்டுங்கள். உங்கள் நிலம் இரண்டு ஏக்கராக இருக்கலாம். உங்கள் கோடைத் தோட்டம் 30 சென்ட்தான்.

கேட்கக் கசக்கிறது, உண்மை. ஆனால் இதற்கு ஒரு வழி உண்டு. தையில் கிணறு நாலு மணி நேரம் ஓடும்போது இன்னும் 30 சென்ட் சேர்த்துப் போடலாம்; அது சித்திரைப் பாதிக்குள் காய்த்து முடிந்துவிடும் பயிராக மட்டும் இருக்க வேண்டும். தண்ணீர் குறையக் குறையப் பயிரும் தானாகக் குறைய வேண்டும். மீதி நிலம் வெறுமனே கிடக்கிறதே என்று வருந்தாதீர்கள். கோடை மழை விழுந்ததும் உழுது போடுங்கள். ஆடிப்பட்டத்தில் அது திருப்பித் தரும்.

சொட்டுநீர்க் குழாய் போட்டவர்களுக்கு இதே தண்ணீர் கூடுதல் நிலத்துக்கு வரும். தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு அதற்கு 100 சதவீத மானியம் உண்டு. தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள்.

எதை, எப்போது?

இரண்டாவது கேள்வி நாள் கணக்கு. கத்திரி வெயில் சித்திரை 21-ஐ ஒட்டித் தொடங்குகிறது. அதற்குமுன் செடி வேர் இறக்கிக் காய்க்கத் தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும்.

கத்தரியை எடுத்துக்கொள்வோம். நாற்றங்காலில் 30 முதல் 35 நாள். நட்ட பின் முதல் காய்க்கு 55 முதல் 60 நாள். சித்திரை முதல் வாரம் காய் பறிக்க வேண்டுமானால் மாசி முதல் வாரம் நட வேண்டும். அதற்குத் தை முதல் வாரம் விதை நாற்றங்காலில் விழ வேண்டும். மிளகாய் நாற்று 40 முதல் 45 நாள் கேட்கும். தக்காளி நாற்றுக்கு 25 நாள் போதும்.

தக்காளியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பகலில் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் போய், இரவும் புழுக்கமாக இருந்தால் அதன் பூ காயாக மாறாமல் உதிர்ந்துவிடும். மாசியில் நட்ட என் தக்காளி பங்குனி வெயிலில் பூத்தது. அது என் இரண்டாவது தவறு. கோடைக்குத் தக்காளி வேண்டுமானால் மார்கழியில் விதைத்துத் தை முதல் வாரத்தில் நட்டுவிடுங்கள். மாசியில் பூக்கும், பங்குனியில் பறிக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 நம் பக்கத்து மண்ணில் பழகிய ரகம்.

வெண்டை, கொத்தவரை, தட்டைக்காய் ஆகியவற்றுக்கு நாற்றங்கால் வேண்டாம். நேரே ஊன்றலாம். வெண்டை 45 நாளில் முதல் பறிப்புக்கு வரும். 100 நாளுக்குள் முடியும். 10 சென்டுக்கு 400 கிராம் விதை போதும். பாகல், புடல், பீர்க்கு முதலிய பந்தல் கொடிகளைத் தையிலேயே ஊன்றுங்கள். வெயில் ஏற ஏறக் கொடியில் ஆண் பூ மிகுந்து பெண் பூ குறையும். தாமதித்தவருக்குக் கொடி மட்டும் மிஞ்சும்.

என் 30 சென்டை இப்படிப் பிரித்திருக்கிறேன். கத்தரி 10 சென்ட், வெண்டை 10, கொத்தவரை 5, பந்தல் 5. வெண்டையையும் ஒரே நாளில் போடுவதில்லை. 5 சென்ட் மாசி முதலில், 5 சென்ட் 20 நாள் கழித்து. முன்னது ஓயும்போது பின்னது காய்க்கும். வீட்டிலும் கை ஓயாமல் காசு வரும்.

வெண்டைக்குக் கோடையில் பெரிய எதிரி மஞ்சள் நரம்புத் தேமல். வெள்ளை ஈ அதைப் பரப்புகிறது. இலை நரம்பு மஞ்சளாக ஓடிய செடிக்கு மருந்து இல்லை. கண்ட அன்றே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். ஒன்றுக்கு இரக்கப்பட்டால் வயல் போய்விடும். மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுங்கள், வரப்புக் களையை எடுங்கள். பந்தல் கொடிக்கு மருந்து அடிக்க நேர்ந்தால் மாலையில் அடியுங்கள். காலையில் தேனீ வரும் நேரம். தேனீ இல்லாவிட்டால் பாகலும் இல்லை.

நாற்றும் நடவும்

10 சென்ட் கத்தரிக்கு 20 கிராம் விதை தாராளம். 1 மீட்டர் அகலம், 4 மீட்டர் நீளத்தில் ஒரு மேட்டுப்பாத்தி. உயரம் ஒரு சாண் இருக்கட்டும். தண்ணீர் தேங்கினால் நாற்று கழுத்தழுகிச் சாயும். விதையை டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதையுங்கள். கிலோவுக்கு 4 கிராம் வீதம், 20 கிராம் விதைக்கு ஒரு சிட்டிகை போதும். விரல் கீறிய வரிசையில் விதைத்து, மெல்ல மண் மூடி, மேலே வைக்கோல் பரப்பிப் பூவாளியால் தெளியுங்கள். முளை தலை காட்டியதும் வைக்கோலை எடுத்துவிட வேண்டும். பாத்தியைச் சுற்றிக் கொசுவலை கட்டினால் வெள்ளை ஈ அண்டாது.

இரண்டடிக்கு இரண்டடி நட்டால் 10 சென்டுக்கு ஏறக்குறைய 1,100 நாற்று பிடிக்கும். 100 நாற்று கூடுதலாக வைத்திருங்கள். போக்கிடம் நிரப்ப உதவும். நடுவதற்கு ஒரு வாரம் முன்பு நாற்றுக்குத் தண்ணீரைக் குறையுங்கள். செல்லமாக வளர்ந்த நாற்று வெயிலில் துவண்டுவிடும். பிடுங்கும் நாளில் மட்டும் பாத்தியை நன்றாக நனையுங்கள். வேர் அறாமல் வரும்.

நடவு மாலை 4 மணிக்கு மேல்தான். ஆள் காலையில்தான் வருவார்கள் என்று பகலில் நட்டால் பாதி நாற்று அன்றே தலை சாயும். பாரை முதலில் நனைத்து, நட்டு, உடனே தண்ணீர் காட்டி, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விடுங்கள். நாற்றுக்கு மேற்கே ஒரு வேப்பங்கொத்தைச் செருகினால் நாலு நாள் நிழல் தரும். பிறகு செடியைச் சுற்றிக் கரும்புச் சோகை, வைக்கோல், நிலக்கடலைத் தொலி, எது கிடைக்கிறதோ அதை மூடாக்காகப் போடுங்கள். மூடிய மண் ஈரம் காக்கும்.

விலை பார்த்து நடுவது

விலையைப் பற்றி ஒரு சொல். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்துப் பலர் நட்டார்கள். செப்டம்பரில் பறிக்கக் கூலிக்கும் கட்டாத விலை. இன்று நடும் நாற்று காய்க்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. இன்றைய விலை அதற்குக் கிடைக்காது. நமக்கு ஒட்டன்சத்திரம் சந்தை இருக்கிறது. அங்கிருந்து கேரளத்துக்கு லாரி போகிறது. சித்திரை முதல் நாளை ஒட்டி வரும் விஷுவுக்கு முன் அங்கே காய்க்குத் தேவை கூடும். தவக்காலத்தில் நம் வீடுகளிலும் காய்கறிச் செலவு கூடுகிறது. இப்படி வரும் நாளைப் பார்த்து விதை நாளைக் குறியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பல காய் பறிப்பவர்களுக்கு உழவர் சந்தை ஏற்றது. 1999-இல் மதுரையில் தொடங்கியபோதே இடைத்தரகர் இல்லாமல் விவசாயி நேரே விற்கவென்றே அது ஏற்பட்டது. ஒரே காயை ஒன்றரை ஏக்கரில் போட்டவன் மண்டி சொல்லும் விலைக்குத்தான் தலையாட்ட வேண்டும்.

அன்பர்களே, ஒரே ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். இன்று வீட்டுக்குப் போனதும் நாட்காட்டியில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடிற்று என்று எழுதத் தொடங்குங்கள். வாரம் ஒரு முறை போதும். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் என் மனைவி எழுதுகிறாள். எனக்கு விட்டால் நான் கூட்டி எழுதிவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்! அந்த நாட்காட்டிகளை எடுத்து வைத்துத்தான் ஒவ்வொரு தையிலும் எத்தனை சென்ட் என்று முடிவு செய்கிறோம். இளைஞர்களே, உங்கள் தகப்பனார் இந்தக் கணக்கைப் போடவில்லை என்றால் நீங்கள் போட்டுக் கொடுங்கள். தாய்மார்களே, "இவ்வளவு போதும்" என்று நீங்கள் சொல்லும்போது உரக்கச் சொல்லுங்கள். நான் அன்று கேட்டிருந்தால் அரை ஏக்கராவது நின்றிருக்கும்.

போன கோடையில் எங்கள் 30 சென்ட் வைகாசி கடைசி வரை காய்த்தது. பெரிய பணம் இல்லை. ஆனால் ஒரு செடியும் தண்ணீர் இல்லாமல் சாகவில்லை. ஒரு நகையும் அடகுக்குப் போகவில்லை.