முதிய கினிப்பன்றியின் நோவும் பராமரிப்பும்

கினிப்பன்றி என்று நாம் அழைக்கும் சிறு பிராணி, கினி நாட்டைச் சேர்ந்ததும் அன்று; பன்றி இனத்தைச் சேர்ந்ததும் அன்று. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாட்டில், இன்று பெரு, பொலிவியா என வழங்கும் தேசங்களின் பழங்குடி மக்கள் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உணவுக்கென வளர்த்துப் பழக்கிய கொறிக்கும் பிராணி அது. பதினாறாம் நூற்றாண்டில் கப்பலேறி ஐரோப்பாவை அடைந்தது. அங்கே செல்வர் இல்லங்களில் செல்லப் பிராணியாயிற்று. பிற்காலத்தில் ஆராய்ச்சிச் சாலைகளிலும் இடம் பெற்றது. தமிழில் இதனைச் சீமைப் பெருச்சாளி என்பாரும் உளர். இன்று நம் நாட்டு நகரங்களில், குழந்தைகள் ஆசைப்பட்டுக் கேட்டதன் பேரில், பல வீடுகளுக்கு இது வந்து சேர்கிறது. வரும்போது உள்ளங்கையில் அடங்கும் குட்டி. ஐந்தாறு ஆண்டுகள் சென்றபின் குழந்தை உயர்நிலைப் பள்ளி மாணவனாகிவிடுகிறான்; குட்டியோ கிழப் பருவம் எய்திவிடுகிறது. அந்தக் கிழப் பருவத்தில் அதற்கு நேரும் நோயையும் நோவையும் பற்றியே இன்று சில சொல்ல விரும்புகிறோம்.

இத்தனை சிறிய பிராணிக்கு இவ்வளவு கவலை எதற்கு என்று நேயர்கள் சிலர் கேட்கக்கூடும். மனித குலம் இதற்குப் பட்டிருக்கும் கடன் சிறிதன்று. 1882-ஆம் ஆண்டில் ராபர்ட் கோக் காசநோய்க் கிருமியைக் கண்டு உலகுக்கு அறிவித்தபோது, அவருடைய சோதனைகளுக்கு உதவிய பிராணிகளுள் கினிப்பன்றி முக்கியமானது. 1907-ஆம் ஆண்டில் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளரான ஆக்ஸல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்னும் இருவரும் வேறொரு நோயை ஆராயப் புகுந்து, கினிப்பன்றிகளுக்குத் தானிய உணவை மட்டும் கொடுத்து வந்தனர். அவற்றுக்கு, மாலுமிகளை வாட்டிய ஸ்கர்வி நோய் கண்டது. பசுங்காய்களையும் பழங்களையும் கொடுக்க, நோய் விலகிற்று. பின்னர் வைட்டமின் சி கண்டுபிடிக்கப்பட்டதற்கு இச்சோதனை வழி கோலியது. மனிதனைப் போலவே இப்பிராணியும் அந்தச் சத்தைத் தன் உடலில் தானே உண்டாக்கிக்கொள்ள இயலாதது. நாய்க்கும் பூனைக்கும் எலிக்கும் இக்குறை இல்லை. நமக்குப் பாடம் கற்பித்த இந்தக் குறையே அதன் முதுமைப் பராமரிப்பில் முதற்கண் நினைவில் வைக்க வேண்டியதாக இருக்கிறது.

கினிப்பன்றியின் ஆயுள் பொதுவாக ஐந்து முதல் எட்டு ஆண்டுகள். ஐந்து வயதைக் கடந்ததை முதியதெனக் கொள்ளலாம். அப்பருவத்தில் உறக்கம் மிகும், ஓட்டம் குறையும், கண்ணில் புரை படரும், தசை மெலிந்து முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படும். இவை மூப்பின் இயல்பு. ஆயினும் ‘வயதாகிவிட்டது’ என்னும் ஒரு சொல்லுக்குள் நோவையும் சேர்த்து அடக்கிவிடுவதே நாம் அஞ்ச வேண்டுவது. மூப்புக்கு மருந்தில்லை, நோவுக்குப் பெரும்பாலும் உண்டு.

நோவைக் கண்டுகொள்ளுவதுதான் கடினம். பிற விலங்குகளுக்கு இரையாகும் இனத்தில் பிறந்தது கினிப்பன்றி. நோயுற்றதாகக் காட்டிக்கொள்ளும் பிராணியைப் பகை முதலில் குறிவைக்கும். ஆதலால் துன்பத்தை மறைப்பது அதன் இயற்கை. நாய் முனகும், குழந்தை அழும், இதுவோ மூலையில் அசையாது அமர்ந்திருக்கும். அவ்வாறு முதுகு வளைய, மயிர் சிலிர்த்து, கண் பாதி மூடி உட்கார்ந்திருந்தால் அதனை அமைதி என்று எண்ணலாகாது. பல்லை நறநறவெனக் கடித்தல், கீரைக்கட்டு சலசலக்கும் ஓசை கேட்டும் கூவாதிருத்தல், உணவின் அருகே வந்து வாயில் எடுத்துக் கீழே போட்டுவிடுதல், சிறுநீர் கழிக்கும்போது கீச்சிடுதல், தோழப் பிராணியை விட்டு ஒதுங்குதல் ஆகியவை யாவும் நோவின் குறிகளாகலாம்.

இக்குறிகளையெல்லாம் விட நம்பத்தக்க சாட்சி தராசு. சமையலறையில் மாவு நிறுக்கும் சிறிய மின்தராசே போதும். முதிய பிராணியை ஒவ்வொரு நாளும், இயலாவிடில் வாரத்திற்கு இரு முறையாவது, ஒரே வேளையில் நிறுத்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வர வேண்டும். வளர்ந்த கினிப்பன்றி 700 முதல் 1,200 கிராம் வரை இருக்கும். அதில் ஒரு வாரத்தில் ஐம்பது அறுபது கிராம் குறைந்தால் கண் கண்டுகொள்ளாது, தராசு கண்டுகொள்ளும். அந்தக் குறைவே மிருக வைத்தியரிடம் செல்லப் போதிய காரணம். நம் இல்லத்தில் ஆறு வயது கடந்த பெண் கினிப்பன்றி ஒன்று இருந்தது. தின்பதிலும் கூவுவதிலும் அதனிடம் யாதொரு மாறுதலும் தோன்றவில்லை. ஆனால் குறிப்பேட்டில் எடை இறங்கிக்கொண்டே வந்தது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, பின்னங்கால் முழங்கால்களில் மூட்டுவாதம் முற்றியிருப்பதைக் காட்டினார். மருந்து தொடங்கிய நான்காம் நாள் அது கூண்டின் மறுகோடிக்குத் தானே நடந்து சென்று நீர் அருந்தியது. அதுகாறும் அது அங்கே நடந்து செல்லாமலே காலம் கழித்திருக்கிறது என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

முதுமையில் மிகுதியாகக் காணும் நோய்கள் சிலவே. முதலாவது பல். கினிப்பன்றிக்கு இருபது பற்கள். அவை ஆயுள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார் மிக்க புல்லை ஓயாது அரைப்பதால்தான் தேய்ந்து அளவில் நிற்கின்றன. அரைப்பது குறைந்தால் கடைவாய்ப் பற்கள் கோணி வளர்ந்து நாக்கின் மேல் பாலம் போலக் கவிந்துவிடும். அப்பொழுது பசி இருந்தும் விழுங்க முடியாது. மோவாய் எச்சிலால் நனையும். முன்பற்களைப் பார்த்து வாய் நன்றாயிருக்கிறது என்று முடிவு செய்தல் கூடாது. குற்றம் உள்ளே இருக்கும். இரண்டாவது மூட்டுவாதம். மூன்றாவது உள்ளங்கால் புண். உடல் பருத்தும், தரை கடினமாகவோ ஈரமாகவோ இருந்தும் வருவது. முற்றினால் எலும்பைத் தொடும். நான்காவது சிறுநீர்ப்பையில் கல். சுண்ணாம்புச் சத்து திரண்டு கல்லாகி, இரத்தம் கலந்த நீரும் கடும் வலியும் உண்டாக்கும். பெண் பிராணிகளுக்குச் சூற்பையில் நீர்க்கட்டிகள் மிகச் சாதாரணம். இரு விலாவிலும் ஒருசேர மயிர் உதிர்வது அதன் அறிகுறி. முதிய ஆண் பிராணிகளுக்கோ ஆசனவாய்த் தசை தளர்ந்து மலம் திரண்டு தங்கிவிடும். அதனை நாள்தோறும் மெல்ல அகற்றித் துடைப்பதை வைத்தியரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்.

எந்த நோயாயினும் முடிவில் ஆபத்தை விளைப்பது பட்டினி. கினிப்பன்றியின் குடல் இடையறாது இயங்க வேண்டியது. நோவினால் உண்ணாதிருந்தால் குடல் நிற்கும். குடல் நின்றால் வாயு சேர்ந்து நோவு மிகும். நோவு மிகவே மேலும் உண்ணாது. இச்சுழல் ஒரு நாளைக்குள் உயிரைக் கவ்விவிடும். எனவே அரை நாள் முழுதும் உணவு தொடாத பிராணியை நாளை பார்ப்போம் என்று வைத்திருக்கலாகாது. டாக்டர் கூறியபடி, தீனி உருண்டைகளை வெந்நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, ஊசி நீக்கிய சிரிஞ்சினால் கடைவாயின் பக்கமாகச் சிறிது சிறிதாக ஊட்ட வேண்டும். மல்லாத்திப் பிடித்து ஊட்டினால் உணவு மூச்சுக் குழலில் புகும். நிமிர்ந்து உட்கார்ந்த நிலையிலேயே ஊட்டுக. இப்பிராணிக்கு வாந்தி எடுக்க இயலாதாகையால், சிகிச்சைக்கு முன் நாய்க்கும் பூனைக்கும் போலப் பட்டினி போடுவதும் தவறு.

இனி மருந்து. மூட்டுவாதத்துக்கும் பல் நோவுக்கும் வைத்தியர்கள் பெரிதும் கொடுப்பது மெலாக்ஸிகாம் என்னும் வீக்கம் தணிக்கும் திரவ மருந்து. இம்மருந்து நம் நாட்டு மிருக வைத்தியத்தில் பரவியதற்கு ஒரு வரலாறு உண்டு. மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்தினால், அவற்றின் உடலைத் தின்ற கழுகுகள் மாண்டன. 2006-ஆம் ஆண்டில் இந்திய அரசு மிருக வைத்தியத்தில் அதனைத் தடை செய்தது. கழுகுகளுக்குத் தீங்கு செய்யாத மாற்றாக மெலாக்ஸிகாம் இடம் பெற்றது. ஒரு கிலோ எடையுள்ள கினிப்பன்றிக்கு ஒரு வேளைக்கு வேண்டுவது பெரும்பாலும் ஒரு மில்லிகிராமுக்கு மேற்படாது. மனிதருக்கான மாத்திரையிலோ ஏழரை அல்லது பதினைந்து மில்லிகிராம் இருக்கும். வீட்டு அலமாரியிலுள்ள வலி மாத்திரையைக் கிள்ளிக் கொடுப்பது எவ்வளவு அபாயம் என்பதற்கு இக்கணக்கே சான்று. சிறுநீரகம் பழுதுபட்ட பிராணிக்கும், நீர் அருந்தாத பிராணிக்கும் இம்மருந்து தீங்காகலாம். ஆதலால் அளவையும் நாட்களையும் டாக்டரே குறிக்க வேண்டும். நோவு மிகக் கடுமையானால் அபினி வழிவந்த வலுவான மருந்துகளும் அவர் கையில் உள்ளன.

இன்னொரு எச்சரிக்கையும் இன்றியமையாதது. பெனிசிலினும் அதன் இனத்தைச் சேர்ந்த அமாக்ஸிஸிலின், ஆம்பிஸிலின் முதலியனவும் கினிப்பன்றிக்கு நஞ்சாகும். அதன் குடலில் வாழும் நற்கிருமிகளை அவை அழிக்க, தீய கிருமிகள் பெருகிப் பிராணி மாளும். இது 1940-களிலேயே அறியப்பட்ட செய்தி. ஆயினும் நம் நகரங்களில் வைத்தியர் பலருக்கு நாயும் பூனையும் மாடும் பழக்கம், கினிப்பன்றி அரிது. எனவே மருந்துச் சீட்டை வாங்கும்போது, இது பெனிசிலின் இனமா என்று பணிவுடன் ஒரு முறை கேட்டுவிடுவது நலம். நல்ல வைத்தியர் அதனைக் குற்றமாகக் கொள்ளார்.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. கூண்டில் ஏணியும் மேல்தட்டும் வேண்டா. எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். தரையில் தடித்த மென்துணி விரித்து, நனைந்தவுடன் மாற்றுக. புல்லையும் நீரையும் அது படுக்கும் இடத்திற்கு அருகிலேயே வைக்க. புட்டியிலிருந்து நிமிர்ந்து குடிக்க இயலாததற்குத் தாழ்ந்த கிண்ணம் வேண்டும். நகம் நீண்டால் பாதம் கோணி மூட்டு நோகும். மாதம் ஒரு முறை வெட்டுக. உணவில் பெரும்பகுதி உலர்ந்த புல்லே, அறுகும் ஆகும். ஒரு கிலோ எடைக்கு நாள் ஒன்றுக்குப் பத்து முதல் முப்பது மில்லிகிராம் வைட்டமின் சி வேண்டும். நோயுற்றால் இன்னும் மிகுதி. குடைமிளகாய்த் துண்டு, கொத்துமல்லித் தழை, சிறிது கொய்யா ஆகியவை அதனைத் தரும். நீரில் கரைத்து வைத்தால் அச்சத்து விரைவில் கெடும். குதிரைமசால் சுண்ணாம்புச் சத்து மிக்கது. கல் நோய்க்கு ஆளான பிராணிக்கு அது கூடாது.

தட்பவெப்பம் வட நாட்டில் தனிக் கவலை. இப்பிராணிக்கு உகந்தது ஏறக்குறைய 18 முதல் 24 டிகிரி. 28 டிகிரியைக் கடந்தால் வெப்ப மயக்கம் நேரலாம். டில்லி போன்ற ஊர்களில் மே, ஜூன் மாதங்களில் வெயில் 40 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. அப்பொழுது வீட்டின் குளிர்ந்த அறையில் வைத்து, குளிர்ந்த நீர் நிறைத்த புட்டியைத் துணியில் சுற்றி அருகே இடுக. ஜனவரிக் குளிரில் மூட்டு இறுகும். காற்று நேரே வீசாத மூலையும் கம்பளித் துண்டும் அதற்கு மருந்தில் பாதி.

இறுதியாக, சொல்லத் தயங்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். மருந்தும் ஊட்டமும் பயன்படாத நாள் ஒன்று வருகிறது. நம் தொழில் மொழிபெயர்ப்பு. சட்டங்களின் சொற்களோடு உழல்வது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பிராணியைத் தன் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலத்தைப் பேணவும், தேவையற்ற நோவும் துன்பமும் அதற்கு நேராமல் தடுக்கவும் கடமைப்பட்டவர் என்கிறது. அதில் ‘தேவையற்ற’ என்னும் அடைமொழியில்தான் பொருளெல்லாம் இருக்கிறது. நாளை குணமாகும் பொருட்டு இன்று பொறுக்கும் நோவு தேவையுள்ளது. ஊட்டியும் விழுங்காது, நோவு மருந்துக்கும் தணியாது, மூச்சுக்கே போராடும் பிராணியின் நோவு எதன் பொருட்டு? நமக்குப் பிரிய மனமில்லை என்பதன் பொருட்டேயானால், அது தேவையற்ற நோவு. அந்நிலையில் முதலில் மயக்கமூட்டிப் பின்னர் உயிரடங்கச் செய்யும் ஊசியை வைத்தியர் போட இசைவது கொடுமையன்று. நல்ல நாட்கள் எத்தனை, தீய நாட்கள் எத்தனை என்று அந்த எடைக் குறிப்பேட்டிலேயே குறித்து வந்தால், முடிவு செய்யும் வேளையில் மனம் தன்னை ஏமாற்றிக்கொள்ள இடமிராது.

குழந்தைகளிடம் இதனை மறைக்க வேண்டுவதில்லை. ஊட்டுவதிலும் நிறுப்பதிலும் பங்கு கொண்ட பிள்ளைக்குப் பிரிவின் காரணமும் விளங்கும். எஞ்சியிருக்கும் தோழப் பிராணியையும் மறந்துவிடலாகாது. கூடி வாழும் இனமாதலால் தனிமையில் அது உணவை வெறுக்கும். சில நாட்களுக்கு அதனையும் தராசில் ஏற்றி எடை குறித்து வருக.