எனக்குத் தெரிந்த ஒரே சமையல்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியது)



இன்ஜினியர் ஆயிற்றே, மெஷினைப் பற்றிப் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். நான் பேசப்போவது நூடுல்ஸ் பற்றி. சிரிக்காதீர்கள்!

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து சிதம்பரம் வந்து படித்தவன் நான். அம்மா விடியற்காலையில் எழுந்து டிபன் பாக்ஸ் கட்டித் தருவார்கள். அதில் பாதியை ஹாஸ்டல் நண்பர்கள் காலி செய்வார்கள். சமையலறைப் பக்கமே நான் போனதில்லை.

1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பிறகு, அந்த வட்டாரத்துக்குக் கொரியக் கம்பெனிகள் நிறைய வந்தன. அப்படி ஒன்றில்தான் எனக்கு வேலை. என் கொரிய மேலதிகாரி தானே சமைத்துச் சாப்பிடுபவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டு ‘ஜாப்சே’ செய்யக் கற்றுக்கொடுத்தார். கலந்த காய்கறி என்று அர்த்தம். 17-ஆம் நூற்றாண்டு அரண்மனை விருந்தில் அது வெறும் காய்கறிதான். நூடுல்ஸ் சேர்ந்தது 20-ஆம் நூற்றாண்டில். இப்போது அந்த நூடுல்ஸ் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் செய்வது.

போன வருஷம் அம்மா வழுக்கி விழுந்து வலது கை முறிந்துவிட்டது. அப்பா இல்லை. லீவு போட்டு ஓடிவந்தேன். மூன்று நாள் ஓட்டல் சாப்பாடு. நான்காம் நாள் அம்மா தட்டைத் தள்ளிவிட்டு, “ஒரு ரசம் வைக்கத் தெரியலையேடா. உன்னைச் சொல்லி என்ன, நான் வளர்த்தது அப்படி” என்றார்கள். சுருக்கென்றது.

எனக்குத் தெரிந்த ஒரே சமையலை ஆரம்பித்தேன். அம்மா நாற்காலி போட்டு மேற்பார்வை. இரண்டு பேருக்கு 100 கிராம் நூடுல்ஸ். கொதிநீரில் 6, 7 நிமிடம். கண்ணாடி மாதிரி ஆனதும் பச்சைத் தண்ணீரில் அலசி வடிகட்டி, கத்தரிக்கோலால் நறுக்க வேண்டும். சோயா சாஸ் ஒன்றரை மேசைக்கரண்டி, சர்க்கரை 2 தேக்கரண்டி, தட்டிய பூண்டு 2 பல், மிளகுத்தூள்.

அவசரத்தில் காய்களை ஒன்றாகக் கொட்டினேன். கேரட் வேகவில்லை, கீரை குழைந்துவிட்டது. “கேரட்டையும் கீரையையும் ஒண்ணாப் போடுவாங்களாடா?” என்றார்கள் அம்மா. கொரியரும் அதையேதான் சொல்லியிருந்தார்! மறுநாள் வெங்காயம், கேரட், குடைமிளகாய், காளான் என்று தனித்தனியாக வதக்கினேன். கீரையைக் கொதிநீரில் போட்டெடுத்துப் பிழிந்தேன். கடைசியில்தான் எல்லாவற்றையும் நூடுல்ஸோடு சேர்த்தேன்.

கொரியாவில் எள்ளை நன்றாக வறுத்து எண்ணெய் எடுப்பார்கள். நம்ம ஊர் செக்கில் வறுக்காமலே ஆட்டுகிறோம். அந்த வாசனைக்கு என்ன செய்வது? “எள்ளை வறுத்துப் பொடிச்சுத் தூவேன்” என்றது அம்மாவின் யோசனை. ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயோடு பிரமாதமாக வந்தது.

இடது கையில் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டுவிட்டு, “உப்பு கம்மி” என்றார்கள். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார்கள். மறுநாளிலிருந்து எனக்குப் பாடம் தொடங்கியது. ரசம், பொரியல், லீவு முடியும்போது சிதம்பரம் கத்தரிக்காய் கொத்சு வரை வந்துவிட்டேன்.

தம்பிகளே, டிகிரி வாங்குவதற்குள் நாலு சமையல் கற்றுக்கொள்ளுங்கள். அம்மாவுக்குக் கை முறியும்வரை காத்திருக்காதீர்கள்.