கணக்கில் விடுபட்ட பெயர்

(அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அல்காரிதம் என்றதும் நம் பிள்ளைகளுக்கு யூடியூப்தான் நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல் ஒரு மனிதரின் பெயரிலிருந்து வந்தது. 9ஆம் நூற்றாண்டில், கலீஃபா மஃமூன் காலத்து பாக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்குவாரிஸ்மிதான் அவர். இந்திய எண்களால் கணக்குப் போடும் முறையை அவர் எழுதிய நூல் லத்தீனுக்குப் போனபோது, அவர் பெயர் 'அல்கோரித்மி' ஆயிற்று. எதற்குப் பின் எது என்று வரிசை தவறாமல் செய்து விடை காணும் முறைக்கே பிறகு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அதே நூற்றாண்டில், அதே ஊரில், பனூ மூஸா சகோதரர்கள் மூவர் தானாக வாசிக்கும் குழல் ஒன்றை விவரித்து எழுதினார்கள். தண்ணீரால் சுழலும் உருளையில் பற்கள் இருக்கும். அவை குழலின் துளைகளைத் திறந்து மூடும். பற்களை மாற்றிப் பொருத்தினால் மெட்டு மாறும். இன்றைய கம்ப்யூட்டரும் அந்த வகைதான். நாம் வைத்த பல்லைத்தான் அது வாசிக்கும்.

அல்குவாரிஸ்மியின் ஜப்ர் நூலிலிருந்துதான் அல்ஜீப்ரா வந்தது என்று பள்ளியில் சொல்கிறார்கள். அதில் பெரும் பகுதி வஸிய்யத், வாரிசுப் பங்குக் கணக்குகள் என்பதை யாரும் சொல்வதில்லை. நம் வீட்டுக் கணக்கு அது!

ஒன்று போட்டுப் பார்ப்போம். ஒருவர் மவுத்தாகிறார். பெற்றோர் முன்பே இல்லை. மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். முதலில் அடக்கச் செலவு, அடுத்து கடன். மனைவிக்குக் கொடுக்காமல் விட்ட மஹரும் கடன்தான், மறந்துவிடுகிறோம். பிறகு வஸிய்யத், மூன்றில் ஒன்றுக்கு மிகாமல். எல்லாம் போக மீதி 8 லட்சம் என்று வைப்போம். மனைவிக்கு எட்டில் ஒன்று, 1 லட்சம். மீதி 7 லட்சத்தை ஐந்தாக்கி மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. ஆக ஒவ்வொரு மகனுக்கும் 2,80,000, மகளுக்கு 1,40,000.

இப்போது இதற்கு செல்போனில் ஆப் இருக்கிறது. பெயர்களைப் போட்டால் நொடியில் விடை. அதில் மகளைப் போடாமல் விட்டுப் பாருங்கள். மனைவிக்கு 1 லட்சம், மகன்களுக்கு மூன்றரை மூன்றரை. கூட்டினால் அதே 8 லட்சம். ஒரு பைசா இடிக்காது, ஆப் ஒரு கேள்வியும் கேட்காது. "தங்கச்சிக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டாச்சே" என்று நாம் சொல்லிக்கொள்வதும் அதற்குத் தெரியாது. அந்த நகை அன்பளிப்பு, வாரிசுப் பங்கு இல்லை என்று நம் ஆலிம்கள் எத்தனை முறை சொல்லியிருக்கிறார்கள்!

ஆகவே ஆப்பைத் திறக்குமுன் ஒரு தாளில் கடன்களையும், மஹர் பாக்கியையும், வாரிசுகள் எல்லோர் பெயரையும் எழுதுங்கள். கட்டிக்கொடுத்த பெண்களின் பெயரை முதலில் எழுதுங்கள். அந்தத் தாளை ஓர் ஆலிமிடம் காட்டிவிட்டு, பிறகு எண்களைத் தட்டலாம்.