கடன் சரக்கும் காலக்கெடுவும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கோவில்பத்திலும் காரைக்கால் கடைத்தெருவிலும் வணிகம் செய்யும் நாம், ஒருவருக்கொருவர் கடனுக்குச் சரக்கு கொடுத்தே தொழில் நடத்துகிறோம். பெரும்பாலும் நாணயம் ஒன்றே பிணை. அது முறியும்போது புகார் முதலில் ஜமாஅத்திற்கு வருகிறது. இங்கும் தீராதபோது நீதிமன்றத்திற்குப் போகிறது. இவ்விரண்டு படிகளுக்கும் இடையில் நழுவிப்போகும் காலத்தைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

1963ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, விற்றுக் கொடுத்த சரக்கின் விலையைக் கேட்டு வழக்கிட மூன்று ஆண்டுகளே உண்டு. தவணை பேசாமல் கொடுத்திருந்தால் சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்தும், தவணை பேசியிருந்தால் அத்தவணை முடிந்த நாளிலிருந்தும் அது எண்ணப்படும். ‘கணக்குத்தான் ஓடிக்கொண்டிருக்கிறதே, கடைசிச் சிட்டையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்’ என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். ஒருவர் கொடுக்க, மற்றவர் வாங்குவது மட்டுமேயான கணக்கில் ஒவ்வொரு சிட்டைக்கும் தனித்தனியே கெடு ஓடுகிறது. இருவரும் மாறிமாறிச் சரக்குக் கொடுத்து, இருபுறமும் பாக்கி கேட்கும் உரிமையுள்ள கணக்கிற்கே வேறு விதி.

மூத்தவர்கள் சிலருக்கு வேறு நினைவு இருக்கக்கூடும். பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தில் பொதுக் காலவரம்பு 2008 வரை 30 ஆண்டுகளாக இருந்தது. 1954இல் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய பின்னும் அதன் எச்சங்கள் இங்கு நீடித்தன. புதுச்சேரியின் உள்ளூர்க் காலவரம்புச் சட்டங்களை நீக்க 1994இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. அந்தத் தாராளத்தை நம்பி இன்று எவரும் இருந்துவிட முடியாது.

இனி நம் ஜமாஅத்திற்கு வருவோம். இருதரப்பையும் அழைத்துப் பேசுகிறோம். ‘நோன்பு கழியட்டும்’, ‘மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பட்டும்’ என்று தவணை கேட்கிறார்கள், நாமும் தருகிறோம். துன்பத்தில் இருப்பவருக்கு அவகாசம் தருமாறு மார்க்கம் போதிக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் நாம் பேசிக்கொண்டிருக்கும் காலத்தைச் சட்டம் கழித்துத் தருவதில்லை. பாக்கி கேட்டு நிற்பவர் ஜமாஅத்தை மதித்துப் பொறுத்திருந்து, அந்தப் பொறுமையினாலேயே தம் உரிமையை இழக்க நேரலாம்.

இதற்குப் பரிகாரம் எளிது. கெடு முடிவதற்குள், இன்ன தொகை பாக்கி என்று கடனாளி எழுதிக் கையொப்பமிட்டால், அச்சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் தொடங்குகின்றன. கெடு முடிந்த பிறகு வெறும் ஒப்புதல் போதாது. கொடுத்துவிடுகிறேன் என்ற எழுத்து மூலமான வாக்குறுதியே வேண்டும். கடனை எழுதி வைக்குமாறும் சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறும் பணிக்கும் வசனம், திருக்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். அதை அறிந்த நாமே எழுதிக் கேட்பதை அவமதிப்பாகக் கருதுவது வியப்பே.

பேசித் தீர்ப்பதை நீதிமன்றங்களும் இப்போது வற்புறுத்துகின்றன. 2015ஆம் ஆண்டின் வணிக நீதிமன்றங்கள் சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. மூன்று லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தாவாவில், அவசர இடைக்கால நிவாரணம் கோரப்படாவிட்டால், முதலில் சமரசப் பேச்சுக்குச் சென்றாக வேண்டும். பாட்டீல் ஆட்டோமேஷன் நிறுவனத்திற்கும் ரகேஜா எஞ்சினியர்ஸ் நிறுவனத்திற்கும் இடையிலான பண வசூல் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2022 ஆகஸ்ட் 17 அன்று இது கட்டாயம் எனத் தீர்ப்பளித்தது. அந்தப் படியைத் தாண்டி வரும் வழக்கு, 2022 ஆகஸ்ட் 20 முதல், வாசலிலேயே நிராகரிக்கப்படும். ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: அச்சட்டத்தின் கீழ் நடக்கும் சமரசக் காலம் கெடுவிலிருந்து கழிக்கப்படுகிறது, நம் ஜமாஅத் அறையில் நடக்கும் பேச்சின் காலம் அவ்வாறு கழிக்கப்படுவதில்லை.

ஆதாரத்திற்குப் பேரேடு ஒன்றே போதும் என்பதும் தவறான நம்பிக்கை. ஜெயின் டைரி வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம், தனித்தாள்கள் கணக்குப் புத்தகம் ஆகா என்றும், முறையான கணக்குப் பதிவும் தனித்து ஒருவரைக் கடனாளியாக்காது என்றும் கூறியது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டமும் இவ்விதியை மாற்றவில்லை. சரக்கைப் பெற்றவரின் கையொப்பமுள்ள சிட்டையும் லாரி ரசீதும் உடனிருந்தால் வழக்கு நிற்கும்.

காசோலை பெற்றவர்கள் நாட்களை எண்ணிக்கொள்ள வேண்டும். மூன்று மாதத்திற்குள் வங்கியில் செலுத்த வேண்டும். திரும்பிவந்த தகவல் கிடைத்த 30 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அது கிடைத்தபின் 15 நாள் பொறுத்து, அடுத்த ஒரு மாதத்திற்குள் புகார் செய்ய வேண்டும்.

வட்டி சேருமே என்றஞ்சி வழக்கையே தவிர்ப்போரும் உண்டு. வட்டி கோரவேண்டும் என்ற கட்டாயம் எதுவுமில்லை. அசலையும் வழக்குச் செலவையும் மட்டும் கேட்கலாம்.

நிர்வாகிகளிடம் ஒரு வேண்டுகோள். கடன் புகார் வந்த அன்றே சிட்டையின் தேதியை முதலில் கேளுங்கள். தவணை தருவதாயின், பாக்கித் தொகையையும் தேதியையும் எழுதிக் கடனாளியின் கையொப்பத்தைப் பெற்று, இருதரப்பிற்கும் ஒரு படி கொடுங்கள். அவர் மறுத்தால், கெடு முடியுமுன் வழக்கறிஞரைப் பார்க்குமாறு சரக்குக் கொடுத்தவரை அனுப்பிவிட்டு, நம் பேச்சை அதன் பிறகும் தொடரலாம்.